ஈயை இனம் காண: படமா, மாதிரியா?

பல வருடம் ஈக்களைப் படம் மட்டும் எடுத்து வந்தேன். இப்போது படம் எடுத்த கையோடு அதைப் பிடித்து ஆல்கஹாலில் போட்டும் வைக்கிறேன். இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் மாதிரியைத்தான், அதாவது பிடித்து வைத்த ஈயைத்தான் சொல்வேன்.

படத்தின் நன்மைகள் தெரிந்தவைதான். உயிரைக் கொல்ல வேண்டாம், நிறம் மங்காது. அந்தரத்தில் நின்று பறக்கும் சிர்ஃபிட் ஈக்களில் பலவற்றுக்கு வயிற்றுப் பட்டைகள் தெளிவாக விழுந்தாலே போதும், பெயரைச் சொல்லிவிடலாம்.

பச்சையாக மின்னும் லூசிலியா என்ற ஈப் பேரினத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதன் இரண்டு இனங்களில் எது, செரிக்காட்டாவா, குப்ரினாவா? நிறத்தை நம்ப முடியாது. வெளிச்சம் சாய்ந்தால் பச்சையே செம்பாகத் தெரியும். தலைக்குப் பின்னால், உச்சியின் உட்புறப் பெரிய முடிக்குக் கீழே இருக்கும் நுண்முடிகளை எண்ண வேண்டும். குப்ரினாவுக்குப் பக்கத்துக்கு ஒன்று, செரிக்காட்டாவுக்கு அதைவிடக் கூடுதல். ஒரே ஈயை நாற்பது படம் எடுத்திருந்தேன். முதுகு இருந்தது, பக்கவாட்டு இருந்தது, முகம்கூட இருந்தது. பிடரி ஒன்றிலும் இல்லை. ஈயோ எப்போதோ பறந்துவிட்டது.

எனக்கு முடிவைத் தந்தது இதுதான். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிகிறது. குப்பியில் இருக்கும் ஈயை ஆறு மாதம் கழித்தும் திருப்பிப் பார்க்கலாம்.

இறைச்சி ஈக்களில் இது இன்னும் கறார். முதுகில் மூன்று கருங்கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம்: குடும்பம் படத்திலேயே தெரிந்துவிடும். இனத்துக்கு ஆணின் பிறப்புறுப்பைப் பார்த்தாக வேண்டும். அது வயிற்று நுனிக்குள் மடங்கிக் கிடக்கும்; உடல் விறைப்பதற்குள் ஊசி முனையால் மெல்ல வெளியே இழுத்துவிட வேண்டும். பெண் ஈ என்றால் கையில் மாதிரி இருந்தும் பல சமயம் பேரினத்தோடு நின்றுவிட நேரும்.

பராமரிப்பு என்று பார்த்தால், 70 சதவீத ஆல்கஹால் மூடியிருந்தாலும் மெல்லக் குறையும், அவ்வப்போது ஊற்ற வேண்டும். குப்பிக்குள் போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள். பேனாவால் எழுதிய என் முதல் சீட்டுகளில் மை கரைந்து, தேதியும் இடமும் போய்விட்டன. குண்டூசியில் குத்திக் காயவைக்கும் முறையை இருபது ஈக்களுக்குள்தான் செய்து பார்த்திருக்கிறேன். அரிக்கும் வண்டுகளிடமிருந்து காப்பதுதான் அதில் பெரிய பாடு என்ற அளவுக்கே என்னால் சொல்ல முடியும்.

இப்போது ஈ பூவில் உட்கார்ந்திருக்கும்போது முதலில் படம், அப்புறம் குப்பி. இரண்டுக்கும் ஒரே எண்.