சுக்கு மல்லிப் பொடி: பல வருஷம் அரைத்தவளின் அனுபவம்

சுக்கு மல்லிப் பொடியில் கருப்பட்டியைச் சேர்த்து அரைத்து வைக்காதீர்கள். அதுவும் தீபாவளி சமயத்தில் நாலு பேருக்குக் கொடுப்பதற்கென்றால் வேண்டவே வேண்டாம். வருஷா வருஷம் இதைச் சொல்கிறேன், வருஷா வருஷம் அதே கேள்விதான் வருகிறது. போன வாரம் சென்னையிலிருக்கும் தோழி போன் செய்தாள். ஐப்பசியில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நான் அரைக்கும் பொடிதான் வேண்டுமாம். "கருப்பட்டியையும் சேர்த்தே அரைச்சிரு. வெந்நீர்ல போட்டுக் கலக்குனா குடிச்சிரலாம்ல?" என்றாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை எழுதிவிடுகிறேன்.

செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் அளவு: மல்லி 200 கிராம், சுக்கு 100, மிளகு 15, திப்பிலி 10, ஏலக்காய் 10, சித்தரத்தை ஒரு சின்னத் துண்டு. சிலர் அதிமதுரம் போடுவார்கள். அதன் இனிப்பு கடைசி மடக்குக்குப் பிறகும் நாக்கிலேயே நிற்கும், எனக்குப் பிடிக்காது. துளசி காய்ந்தது இருந்தால் போடலாம், இல்லாவிட்டாலும் குறையில்லை.

இத்தனை வருஷம் அரைத்ததில் எனக்கு அலுக்காத விஷயம் மல்லி. பேரில் சுக்கு முன்னால் நிற்கிறது, காரமும் அதனுடையது. ஆனால் டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நம்மைக் குடிக்க வைப்பது மல்லியின் வாசம்தான். சாம்பார்ப் பொடிக்கு வறுப்பதுபோல இதற்குச் சிவக்க வறுக்கக் கூடாது. இரும்புச் சட்டியில், சிறு தீயில், கை எடுக்காமல் கிளறுங்கள். முதலில் காய்ந்த புல்லின் பச்சை வாடை வரும். கொஞ்ச நேரத்தில் அது மாறி, எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால் வருகிற வாசம் ஒன்று எழும்பும். மல்லியின் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல் என்கிற பொருள், அது சூட்டில் சட்டென்று பறந்துவிடும். அந்த வாசம் மூக்கில் பட்டதும் அடுப்பை அணைத்து, மல்லியைத் தட்டில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் சட்டியின் சூடே மேலும் வறுத்து, வாசம் போய் வெறும் வறுத்த நெடி மிஞ்சும். மிளகையும் திப்பிலியையும் லேசாகச் சூடு காட்டினால் போதும். ஏலக்காயை வறுக்கவே வேண்டாம், கடைசியில் தோலோடு போட்டு ஒரு சுற்று சுற்றினால் சரி.

சுக்குதான் வேலை வாங்கும். மதுரையில் கீழமாசி வீதிக் கடைகளில் நல்ல சுக்கு கிடைக்கிறது, ஆனால் பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் சுண்ணாம்புப் பாலில் முக்கிக் காயவைத்தது, அதை நான் வாங்குவதில்லை. மங்கிய பழுப்பில், தோல் சுருங்கி இருப்பதே எனக்கு வேண்டும். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். படக்கென்று உடைய வேண்டும், உள்ளே வெளிறிய மஞ்சள் தெரிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது. ஊசி குத்தியதுபோலப் பொடிப்பொடி ஓட்டைகள் இருந்தால் வண்டு விழுந்த சரக்கு, கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்கிவிடாதீர்கள். "சுக்குக்குப் புற நஞ்சு, கடுக்காய்க்கு அக நஞ்சு" என்று பெரியவர்கள் சொன்னபடி மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். சுரண்டாத பொடியில் ஒரு மண் வாடை அடிக்கும், அதற்காகவாவது சுரண்டுங்கள்.

இஞ்சி காயும்போது அதிலிருக்கும் ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகால் என்ற பொருளாக மாறுகிறது. இஞ்சியைவிட சுக்கு தொண்டையில் அதிகமாகச் சுடுவதற்குக் காரணம் அதுதான். அதனால் இஞ்சி டீக்குப் போடும் கையளவில் இதைப் போட முடியாது. வயிற்றுப்புண் இருக்கிறவர்களுக்கு நான் கொடுப்பதும் இல்லை.

சுரண்டிய சுக்கை முதலில் இடிகல்லில் நசுக்கி, அப்புறம்தான் மிக்ஸியில் போட வேண்டும். இந்த வருஷம் ஆடியில் சின்ன ஜார் சுற்றாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் பிளேடைக் கழற்றிக் காட்டினார். தண்டைச் சுற்றிச் சுக்கு நார் கயிறு திரித்தாற்போல இறுகிக் கிடந்தது. புஷ் மாற்றி, கப்ளர் மாற்றிக் கொடுத்தார். ஜாரைக் குறை சொல்ல மாட்டேன். சட்னிக்கும் மிளகு சீரகத்துக்கும் ஆன ஜார் அது, இத்தனை வருஷம் சுக்கை அரைத்துக் கொடுத்ததே பெரிது. அரை கிலோவுக்கு மேல் என்றால் மில்லுக்குக் கொண்டுபோங்கள். ஆனால் உங்களுக்கு முன்னால் எது ஓடியது என்று கேட்காமல் கொட்டாதீர்கள். மிளகாய் ஓடிய மிஷினில் போட்டால் அந்தப் பொடியைக் குடிக்க முடியாது. யாராவது மல்லி அரைத்து முடிக்கும் வரை காத்திருந்து அடுத்த ஆளாகப் போடுவதுதான் வழி. அரைத்த சூட்டோடு பாட்டிலில் அடைக்காமல் அகலத் தட்டில் கொட்டி நன்றாக ஆறவிட வேண்டும். சலித்தபின் மிஞ்சும் கப்பியைத் தூர எறியாதீர்கள், ரசத்தில் ஒரு சிட்டிகை போட்டால் அருமையாக இருக்கும்.

இவ்வளவும் இனிப்பு சேராத பொடிக்கு. அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஈரம் படாமல் வைத்தால் இரண்டு மாதம் வாசம் நன்றாக நிற்கும், பிறகு மெல்லக் குறையும். இருமல் வரும் ராத்திரியில், மழை விடாத சாயங்காலத்தில், வீட்டில் யாருக்கும் டீ காபி ஞாபகமே வருவதில்லை. என் சமையலறையில் நானே செய்கிறவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொடிதான்.

கருப்பட்டி சேர்ந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. பதநீரைக் காய்ச்சும்போதே அதிலிருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கு குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. இந்த ஃப்ரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் மழைக்காலத்தில் கருப்பட்டி கசிகிறது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ருசியில் அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் எவ்வளவு ஒசந்த கருப்பட்டியாக இருந்தாலும் ஈரத்தை இழுக்கும் குணம் போகாது. திருநெல்வேலியில் பெரியம்மா வீட்டில் முன்பெல்லாம் கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில்தான் வைத்திருப்பார்கள். அப்படிக் காப்பாற்ற வேண்டிய பொருளை நுணுக்கித் தூளாக்கி, பரப்பைப் பல மடங்காக்கிப் பாட்டிலில் போட்டுக் கொடு என்கிறார்கள்.

கொடுக்கும் காலத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டின் வருஷ மழையில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழையில்தான் விழுகிறது. தீபாவளியும் அப்போதுதான், சுக்கு காபிக்கு ஆசை வருவதும் அப்போதுதான். நல்ல வெயில் அடிக்கும் சித்திரையில் இந்தப் பொடியை யாரும் கேட்பதில்லை.

அதற்குமேல் பொடியைப் போடுகிற விதம் ஒன்று இருக்கிறது. கொடுத்த வீடுகளில் கவனித்துப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். பாட்டிலைத் திறந்து, அப்படியே பாத்திரத்துக்கு மேலே சாய்த்து, அடியில் விரலால் தட்டித் தட்டிப் பொடியைக் கொட்டுவார்கள். அந்தச் சில நொடியில் ஆவி பாட்டிலின் கழுத்துக்குள் ஏறும். கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிசாக வியர்க்கும், அந்த ஈரத்தில் பொடி ஒட்டும். உடனே மூடியை இறுக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள், ஈரம் வெளியே போக வழியே இல்லை. மறுநாள் பார்த்தால் கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம். ஒரு வாரத்தில் அந்த வளையம் கீழே இறங்கி மொத்தப் பாட்டிலும் ஒரே கட்டி. இனிப்பில்லாத பொடி இந்த ஆவியைக்கூட ஓரளவு தாங்கிக்கொள்கிறது. கருப்பட்டி சேர்ந்த பொடியால் முடிவதில்லை. தீபாவளிக்குக் கொடுத்த பாட்டிலில் கார்த்திகை தீபத்தன்று மதினி ஒருத்தர் கத்தி முனையை விட்டு நெம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "பொடி நல்லாத்தான் இருக்கு, ஆனா கட்டிபட்டுப் போச்சே" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை. அவ்வளவு பார்த்து வறுத்த மல்லி அது.

சரி, கருப்பட்டியைச் சேர்த்தே கேட்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் பிள்ளைகளிடம் கெட்டில் மட்டும்தான் உண்டு. தனியாக இருக்கும் வயதானவர்களால் கருப்பட்டியைத் தட்டி, கரைத்து, வடிகட்ட முடியாது. வேலைக்கு ஓடுகிறவர்களுக்குக் காலையில் நேரமில்லை. அவர்களுக்காகப் பனங்கற்கண்டை நுணுக்கிச் சேர்த்துப் பார்த்தேன். அது கிட்டத்தட்ட முழுக்கச் சுக்ரோஸ், அதாவது உடையாத சர்க்கரையின் படிகம் என்பதால் கருப்பட்டி அளவுக்கு ஈரம் இழுப்பதில்லை, பொடியும் பொடியாகவே இருக்கிறது. ஆனால் கருப்பட்டியின் அந்தக் கருகிய மணம் இதில் வராது, விலையும் அதிகம். அரிசியைத் துணியில் முடிந்து பாட்டிலுக்குள் போடும் வைத்தியம் சும்மா இருக்கும் பாட்டிலுக்கு உதவும், ஆவியில் காட்டும் பாட்டிலுக்கு உதவாது. ஃப்ரிட்ஜில் வைப்பது இன்னும் மோசம். வெளியே எடுத்துத் திறந்ததும் குளிர்ந்த பொடிமேல் காற்றின் ஈரம் வந்து படிகிறது.

"கடையில விக்கிறது மட்டும் எப்படிக் கட்டி பிடிக்காம இருக்கு?" என்று தோழி கேட்டாள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமுள்ளது முதலாக வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. நான் திருப்பிப் பார்த்த பாக்கெட்டுகள் பலவற்றில் முதலில் இருந்தது சர்க்கரையோ நாட்டுச் சர்க்கரையோதான், சுக்கும் மல்லியும் அதற்கப்புறம். ஈரம் புகாத உறையில் ஒருவேளைக்கு ஒன்றாக அடைத்தும் விற்கிறார்கள். வெந்நீரில் கரைந்தால் போதும் என்பவர்களுக்கு அது சரியான பொருள். அதை வீட்டில் செய்ய எனக்கு இஷ்டமில்லை.

மல்லி, சுக்கு இரண்டும் வெந்நீரில் கரைகிற பொருளும் இல்லை. கொதித்தால்தான் இறங்கும். ஒன்றேகால் டம்ளர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டும் வரை கொதிக்க வேண்டும். கெட்டில் தண்ணீரில் கலக்கினால் மேலே மிதக்கும், அடியில் மணலாகத் தங்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. டீத்தூளை ஐந்து நிமிஷம் கொதிக்கவிட நேரம் இருக்கிறவர்கள் இதற்கு மட்டும் நேரமில்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆகவே என் முடிவு. பொடி அருமையானது, வீட்டுக்கு அவசியம் அரையுங்கள், பரிசாக யாருக்கும் கொடுக்காதீர்கள். இந்தத் தீபாவளிக்கு நான் பொடியாக ஒருவருக்கும் கொடுக்கப் போவதில்லை. கொதிக்கவைத்துக் குடிக்கிறவர்கள் என்று எனக்குத் தெரிந்த சில வீடுகளுக்கு மட்டும் இடித்த சரக்கு அனுப்புவேன். வறுத்த மல்லி, நசுக்கிய சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் ரவையைவிடப் பெரிதாக, இடிகல்லில் ஒன்றிரண்டாக இடித்தது. பரப்பு குறைவு என்பதால் வாசம் கூடுதல் நாள் நிற்கும், ஆவி பட்டாலும் கட்டியாகாது. ஏலக்காயை முழுசாகவே போட்டுவிடுவேன், தேவைப்படும்போது நசுக்கிக்கொள்ளட்டும். கருப்பட்டி முழு வட்டாகத் தனியாக, பனையோலைக் கொட்டானில் போகும். இடித்த சரக்கைக் கரண்டியால்தான் எடுக்க முடியும், பாட்டிலைச் சாய்த்துத் தட்ட முடியாது. அது எனக்கு ரொம்பத் திருப்தி.

வாங்குகிறவர்கள் கருப்பட்டியைக் கொதியில் போடாமல் அடுப்பை அணைத்தபின் போடுங்கள். கரைந்ததும் இரண்டு நிமிஷம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் மண்ணையும் சுண்ணாம்பையும் விட்டுவிட்டு மேலாக வடித்துக் குடியுங்கள். பால் வேண்டுமென்றால் தனியாகக் காய்ச்சி, கொஞ்சம் ஆறவிட்டு, கடைசியில் ஊற்றுங்கள். கொதிக்கிற பாலில் கருப்பட்டியைப் போட்டால் திரிந்துவிடும். அப்படித் திரிந்துபோனால் சரக்கு சரியில்லை என்று எனக்குப் போன் செய்யாதீர்கள்.