வீட்டுக் காற்றை அளக்கும் சிறு மானி: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

காற்றைத் தூய்மையாக்கும் வேலை எதையும் செய்யாத ஒரு கருவியைப் பற்றியது இந்த மதிப்புரை. உள்ளங்கையில் அடங்கும் இந்த மானி, அறையிலுள்ள நுண்துகள்கள், கரியமில வாயு, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்து ஒரு சிறு திரையில் காட்டும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்ற தயக்கம் நீண்டுகொண்டே போனதால், முதலில் நோய் இருக்கிறதா என்று பார்ப்போம் என்றுதான் இதை வாங்கினேன். எட்டு மாதங்கள் கழிந்துவிட்டன. சுத்திகரிப்பான் இன்னும் வாங்கவில்லை.

கருவியின் உள்ளே ஒரு சிறு விசிறி காற்றை இழுத்து லேசர் கதிரின் குறுக்கே செலுத்துகிறது. துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டு, 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள்கள், அதாவது பி.எம். 2.5 என்று சொல்லப்படுபவை, ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கும் என்று அது கணக்கிடுகிறது. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள்களை மூக்கும் தொண்டையும் தடுத்து நிறுத்துவதில்லை. அவை நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று படிகின்றன. இங்கே கவனிக்க வேண்டியது, இக்கருவி எதையும் எடை போடுவதில்லை என்பதாகும். ஒளிச் சிதறலைப் பார்த்து எடையை ஊகிக்கிறது. இதன் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

முதல் வாரத்திலேயே என்னை அதிரவைத்த இடம் சமையலறை. அடுப்புப் பற்றவைக்கும் முன் 18 என்றிருந்த பி.எம். 2.5 எண், எண்ணெயில் பொரிக்கத் தொடங்கிய பத்தே நிமிடங்களில் 240-ஐத் தாண்டியது. அதைவிட வியப்பளித்தது அடுத்து நடந்ததுதான்: மணம் முழுவதும் அடங்கி, சமையல் முடிந்துவிட்டது என்று நாங்கள் மறந்தே போன பிறகும், படுக்கையறையில் வைத்த கருவி ஒரு மணி நேரத்துக்கு மேல் 100-க்குக் கீழே இறங்கவில்லை. புகையை வெளியேற்றும் விசிறியைப் புகை கிளம்பிய பின் போடுவதே எங்கள் வழக்கமாக இருந்தது. அடுப்பை மூட்டுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே அதை ஓடவிட்டு, அணைத்த பின்னும் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாத்திரத்தை விசிறிக்கு அருகிலுள்ள அடுப்புக்கு மாற்றியபோது, அதே சமையலுக்கு உச்ச அளவு 70-ஐ ஒட்டியே நின்றது. புதிதாக எதுவும் வாங்காமல் கிடைத்த குறைப்பு இது. ஆனால், அந்த விசிறி வீட்டுக் காற்றைத்தான் காப்பாற்றுகிறது. கிளம்பிய புகை தெருவுக்குத்தான் போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தெருவுக்குப் போகும் புகையை உண்மையிலேயே நிறுத்தியது இன்னொரு சம்பவத்துக்குப் பிறகு. கொல்லையில் சேரும் சருகைக் குவித்துக் கொளுத்துவதை நான் மாசு என்று ஒருநாளும் எண்ணியதில்லை. அப்படி ஒரு மாலையில் கொளுத்தியபோது, சன்னலோரம் இருந்த மானி 400-ஐக் கடந்தது. அடைத்த சன்னல்களுக்குள்ளேயே இந்த நிலை. முழுமையாக எரியாத ஈரச் சருகு, கரித்துகளையும் பலவகை நச்சு வாயுக்களையும் தரையை ஒட்டியே பரப்பும் என்பது படித்துத் தெரிந்த செய்திதான். ஆயினும் எண்ணாகக் கண் முன் நின்ற பின்னரே கை நின்றது. இப்போது சருகு அனைத்தும் மூலையிலுள்ள உரக்குழிக்குப் போகிறது.

கரியமில வாயுவின் அளவு வேறொரு சிக்கலைக் காட்டியது. வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கை, சற்றே தாண்டியிருக்கும். கதவடைத்து இருவர் உறங்கும் எங்கள் அறையில் விடியற்காலையில் அது 1,900 வரை ஏறியது. இந்த அளவில் அது நஞ்சு என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால், வெளிவிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்கிறோம் என்பதற்கு அது நல்ல அடையாளம். சன்னலைத் திறந்தால் இந்த எண் இறங்கும், வாகனப் புகையின் எண் ஏறும். எந்த நேரத்தில் திறப்பது என்பதைக் கருவியே கற்றுக்கொடுத்தது. இரவிலும் அதிகாலையிலும் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழாமல் மாசைத் தேக்கிவைக்கிறது. வெயில் ஏறித் தரை சூடான பின் காற்று மேலெழுந்து கலப்பதால் செறிவு குறைகிறது. அதிகாலைக் காற்றே தூயது என்று நம்பிப் பல ஆண்டுகளாக விடியலில் சன்னலைத் திறந்துவந்தவன் நான். எங்கள் வீட்டளவில் பிற்பகலே ஏற்ற நேரம் என்று தெரிந்துகொண்டேன்.

குறைகளில் முதன்மையானது ஈரப்பதம். பனிமூட்டமான காலைகளில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால், கருவி உள்ளதைவிட மிகுத்துக் காட்டுகிறது. சற்றுத் தொலைவிலுள்ள அதிகாரப்பூர்வக் கண்காணிப்பு நிலையத்தின் அளவோடு ஒப்பிட்டபோது, வறண்ட நாட்களில் இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போயின. ஈரமான காலைகளில் என் கருவி ஒன்றரை மடங்கு காட்டியது. பெரிய தூசியையும் இது சரியாகக் கணிப்பதில்லை. எனவே 10 மைக்ரோமீட்டர் வரையிலான துகள்களுக்காகத் திரையில் தோன்றும் பி.எம். 10 எண்ணை நான் பொருட்படுத்துவதே இல்லை. கரியமில வாயு உணரி, அவ்வப்போது பதிவாகும் மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்கிறது. பல நாட்கள் அறையைத் திறக்கவே இல்லையென்றால் அது பொய்யாகக் குறைத்துக் காட்டும். வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: மலிவான சில மானிகள் கரியமில வாயுவை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை உணர்ந்து அதிலிருந்து ஓர் எண்ணைக் கற்பித்துக் காட்டுகின்றன. கரியமில வாயுவை நேரடியாக அளக்கும் அகச்சிவப்பு உணரி உள்ளதா என்று விவரக்குறிப்பில் உறுதி செய்யாமல் வாங்க வேண்டாம்.

உடன் வரும் கைபேசிச் செயலி எனக்கு எரிச்சலையே தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி பி.எம். 2.5-இன் அளவு 24 மணி நேரச் சராசரியில் 15 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியில் 5 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. 2005-இல் இவை 25, 10 என்றிருந்தன. இவை சராசரிகள் என்பதையே மறந்து, ஒரு நிமிடப் பொரியலுக்கும் செயலி சிவந்து அலறுகிறது. மைக்ரோகிராமை விட்டு, ஒவ்வொரு நாடும் தனித்தனியாக வகுத்துள்ள காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைக் காட்டினால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 35 மைக்ரோகிராம் என்ற ஒரே அளவு, அமெரிக்கக் குறியீட்டில் 100-ஐ எட்டும். இந்தியக் குறியீட்டில் 60-க்குள் அடங்கிவிடும். அமைப்புக்குள் போய் மைக்ரோகிராமுக்கு மாற்றிவிட்டேன்.

மாசைப் பற்றி எச்சரிக்கும் கருவியே மின்கழிவாகும் வகையில் செய்யப்பட்டிருப்பதை மன்னிக்க முடியவில்லை. மின்கலம் ஒட்டி மூடப்பட்டிருக்கிறது. ஆறாம் மாதத்தில் உள்விசிறி கரகரக்கத் தொடங்கியபோது உதிரிப்பாகம் கேட்டு எழுதினேன். புதிய கருவி வாங்கிக்கொள்ளுமாறு பதில் வந்தது. மென்தூரிகையால் துவாரத்தை நானே துடைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்களோ கைக்குழந்தைகளோ இருந்து, எண்ணைப் பார்த்துப் பதறாமல் அதன் ஏற்ற இறக்கத்தைப் படிக்கும் பொறுமையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் யாரிடமிருந்தாவது இரண்டு வாரங்களுக்கு இரவல் கேட்டாலே போதும். பழக்கங்கள் மாறிய பின் திரையைப் பார்க்கும் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. என்னுடையது இப்போது பக்கத்து வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. நேற்று அவர்கள் வீட்டில் 310 காட்டியதாம்.