ஓகேஆர் கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: எங்கே போதும், எங்கே பொய்ப் பச்சை காட்டும்

ஓகேஆர் என்பது ஒரு நோக்கத்தையும், அது நிறைவேறுவதை எண்ணால் காட்டும் முக்கிய முடிவுகளையும் காலாண்டுக்கு எழுதிவைக்கும் முறை. அதற்கென்றே காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் நிறைய இருந்தும், பல டீம்கள் இன்னமும் கூகுள் ஷீட்ஸில்தான் இலக்குகளை எழுதிவைக்கின்றன. அதில் தவறில்லை. மைக்ரோசாஃப்ட் 2021இல் ஓகேஆர் மென்பொருள் செய்த ஆலி.ஐஓ நிறுவனத்தை வாங்கி, அதையே விவா கோல்ஸ் என்று விற்றது. 2025 டிசம்பர் 31உடன் அதை மூடியும்விட்டது. அதை நம்பியிருந்தவர்கள் இலக்குகளை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஷீட்ஸில் அந்தப் பயம் குறைவு. இலவச ஜிமெயில் கணக்கே போதும், எப்போது வேண்டுமானாலும் எக்ஸலாக இறக்கிக்கொள்ளலாம். நாற்பது பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு ஷீட்ஸே சரியான தேர்வு என்பதுதான் இந்த விமர்சனத்தின் தீர்ப்பு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஷீட்டை முதலிலேயே ஒழுங்காகக் கட்ட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்தால், வேலையே நடக்காத வாரத்திலும் அது பச்சை, அதாவது எல்லாம் நன்றாகப் போகிறது என்று காட்டும்.

ஏன் அப்படி என்பதை ஒரு கஸ்டமர் சப்போர்ட் டீமை வைத்துப் பார்ப்போம். நோக்கம்: வாடிக்கையாளர் கேட்ட அன்றைக்கே அவர் பிரச்சினை தீர வேண்டும். அதன் கீழ் மூன்று முக்கிய முடிவுகள்: முதல் பதில் போக ஆகும் நேரம் 9 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைய வேண்டும். மூடிய பிறகு மறுபடி திறக்கப்படும் டிக்கெட்டுகள் (வாடிக்கையாளர் புகார்ப் பதிவுகள்) 18 சதவீதத்திலிருந்து 8 ஆக வேண்டும். திருப்தி மதிப்பெண் ஐந்துக்கு 3.9 என்பதிலிருந்து 4.5 ஆக உயர வேண்டும்.

பல டெம்ப்ளேட்டுகளில் இருப்பது இன்றைய அளவை இலக்கால் வகுக்கும் ஃபார்முலா. இதன்படி காலாண்டின் முதல் நாள், யாரும் ஒரு வேலையும் தொடங்குவதற்கு முன்பே, திருப்தி மதிப்பெண்ணுக்கு 3.9 ÷ 4.5 = 0.87 வந்துவிடும். முதல் பதில் நேரத்தில் கூத்து இன்னும் பெரிது: பாதி தூரம் வந்து 6 மணியில் நிற்கும்போது 6 ÷ 3, அதாவது 200 சதவீதம். ஒரு முடிவின் ஓகேஆர் மதிப்பெண்ணுக்குச் சரியான கணக்கு இதுதான்: (இன்றைய அளவு − தொடக்க அளவு) ÷ (இலக்கு அளவு − தொடக்க அளவு). 6 மணி நேரத்துக்கு (6 − 9) ÷ (3 − 9) = 0.5. ஏறும் இலக்கு, இறங்கும் இலக்கு இரண்டுக்கும் இதே ஃபார்முலா போதும். எனவே ஷீட்டில் முதலில் வேண்டியது ‘தொடக்க அளவு’ என்ற காலம் (column, நெடுவரிசை). அந்தச் செல்லை நிரப்ப எண் இல்லை என்றால் அந்த முடிவை இன்னும் யாரும் அளக்கவே இல்லை என்று பொருள். அப்போது முதல் இரண்டு வாரத்தை அளவெடுக்க ஒதுக்கி, இலக்கு எண்ணைப் பிறகு போடுவதே நேர்மையான வழி.

சரியான ஃபார்முலாவிலும் ஒரு குழி இருக்கிறது. ஷீட்ஸ் காலி செல்லைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். முதல் பதில் நேரத்தை யாரும் நிரப்பாமல் விட்டால் (0 − 9) ÷ (3 − 9) = 1.5. அப்டேட்டே செய்யாத வரிதான் டீமிலேயே முதலிடத்தில் நிற்கும்! இன்றைய அளவு காலியாக இருந்தால் மதிப்பெண்ணும் காலியாகவே இருக்கும்படி ஃபார்முலாவை ஒரு இஃப் (IF) ஃபங்ஷனுக்குள் போடுங்கள். அதோடு முடியவில்லை. நோக்கத்தின் மதிப்பெண்ணை ஆவரேஜ் போட்டு எடுக்கும்போது, காலி செல்களை ஆவரேஜ் கணக்கிலேயே சேர்க்காது. 0.8, 0.7, ஒரு காலி என்றிருந்தால் 0.75 என்று காட்டும். மூன்றாவது நிஜத்தில் நகரவே இல்லை என்றால் உண்மையான மதிப்பு 0.5. ஆகவே ஒவ்வொரு நோக்கத்தின் பக்கத்திலும் ‘இந்த வாரம் நிரப்பாதவை’ என்று ஒரு எண்ணிக்கை நிற்கட்டும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் இந்த எச்சரிக்கை தானாக வரும். ஷீட்ஸில் நாம்தான் கட்ட வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு மேல்வரம்பு 1 என்று மின் (MIN) ஃபங்ஷனால் கட்டிவிடுங்கள். இல்லையேல் ஒரு முடிவு 1.8 போய் மற்ற இரண்டின் தோல்வியை மறைத்துவிடும். கீழ்ப்பக்கம் அப்படிக் கட்ட வேண்டாம். பதில் நேரம் 9இலிருந்து 10 மணியானால் −0.17 வரும், அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டிய செய்தி. ‘சர்வர் 99.9 சதவீதம் இயங்க வேண்டும்’ மாதிரி இருப்பதைக் காக்கும் இலக்குகளை இந்த அட்டவணையில் சேர்க்காதீர்கள். தொடக்கமும் இலக்கும் ஒன்றாக இருப்பதால் பூஜ்யத்தால் வகுத்த பிழை வரும். அவற்றுக்குக் கீழே தனியாக ஒரு பட்டியல், ஆம் அல்லது இல்லை என்று மட்டும்.

வார வரலாறு அடுத்த முக்கியமான விஷயம். ஒரே செல்லில் எண்ணை மாற்றி மாற்றி எழுதினால், எந்த வாரம் தேக்கம் வந்தது என்று காலாண்டு முடிவில் சொல்ல முடியாது. காலாண்டுக்கு 13 வாரம், ஆகவே 13 காலம். இன்றைய அளவு என்பது அவற்றில் கடைசியாக நிரப்பிய எண். பலர் நிரம்பிய செல்களை எண்ணி அத்தனையாவது இடத்தை எடுக்கிறார்கள். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அது பழைய எண்ணை எடுத்துவிடும். ஃபில்டரால் காலிகளைக் கழித்துவிட்டு, மிச்சத்திலிருந்து சூஸ்கால்ஸ் (CHOOSECOLS) ஃபங்ஷனுக்கு −1 கொடுத்துக் கடைசி எண்ணை எடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஒரு வாரம்கூட நிரப்பாதபோது ஃபில்டர் பிழை காட்டும், அதை இஃப்எரரில் (IFERROR) போட்டு காலியாக்குங்கள்.

அலகுக்குத் தனிக் காலம் வேண்டும். ‘6 மணி’ என்று ஒரே செல்லில் அடித்தால் ஷீட்ஸ் அதை எழுத்தாக எடுத்துக்கொள்ளும், ஃபார்முலா உடையும். டேட்டா வேலிடேஷனில் எண் மட்டும் என்று கட்டி, மற்றதை நிராகரிக்கச் சொல்லுங்கள். சாதாரண செல்லில் கிடக்கும் 40ஐப் பிறகு சதவீத ஃபார்மட்டுக்கு மாற்றினால் 4000 சதவீதமாகிவிடும், அதையும் முதலிலேயே வைத்துவிடுங்கள். வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது நிற விதிகளும் கூடவே வந்து துண்டுதுண்டாகச் சிதறும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி சேர்த்து அழுத்தி எண்ணை மட்டும் ஒட்டும் பழக்கத்தை டீமுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

நிறத்துக்கு கூகுள் தன் டீம்களில் வைத்துக்கொள்ளும் அளவே நல்ல தொடக்கம்: 0.3 வரை சிவப்பு, 0.4 முதல் 0.6 வரை மஞ்சள், 0.7 முதல் பச்சை. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்குகளுக்கு 0.6, 0.7 வந்தாலே நல்ல காலாண்டு. எப்போதும் 1 வருகிறது என்றால் இலக்கைத் தாழ்வாக வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி செய்தே ஆக வேண்டிய வேலைக்கு, வாக்குக் கொடுத்த டெலிவரிக்கு 0.7 பச்சை அல்ல. ‘கட்டாயம்’, ‘உயர் இலக்கு’ என்று ஒரு டிராப்டவுன் வைத்து, இரண்டுக்கும் வேறு வேறு நிற விதி எழுதுங்கள். ஷீட்ஸின் அருமை இங்கேதான் தெரிகிறது. இந்த மாற்றத்துக்கு யாரிடமும் சப்போர்ட் டிக்கெட் போட வேண்டாம், ஐந்து நிமிட வேலை.

காலாண்டு தொடங்கியதும் தொடக்க அளவு, இலக்கு இரண்டு காலங்களையும் புரொடெக்ட் செய்து டீம் லீடுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். பத்தாவது வாரத்தில் 3 மணி சத்தமில்லாமல் 5 மணியாவது எந்த டீமிலும் நடக்கக்கூடியது. செல்லில் ரைட் கிளிக் செய்து எடிட் ஹிஸ்டரி பார்த்தால் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியும். வரியையே நீக்கியிருந்தால் அதில் தெரியாது, வெர்ஷன் ஹிஸ்டரிக்குப் போக வேண்டும். புரொடெக்ஷன் என்பது பூட்டு அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஷீட்டைப் பார்க்க முடிந்தவர் அந்த எண்களையும் பார்ப்பார். சம்பளம், ஊழியர் மதிப்பீடு எதையும் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். ஓகேஆர் மதிப்பெண்ணை இன்கிரிமென்ட்டோடு கட்டிய அன்றிலிருந்து எல்லோரும் எட்டக்கூடிய எண்ணைத்தான் எழுதுவார்கள், பிறகு எந்தக் கருவியும் உதவாது.

ஷீட்ஸ் உண்மையிலேயே தோற்கும் இடம் நினைவூட்டல். யார் நிரப்பவில்லை என்று அது தானாகக் கேட்காது. ஷீட்ஸோடு வரும் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில், வெள்ளிக்கிழமை மாலை தானாக ஓடும் டிரிகர் ஒன்று எழுதி, காலி வரிகளின் பொறுப்பாளர்களுக்கு மெயில் போகச் செய்யலாம். அந்த டிரிகர் எழுதியவரின் கணக்கில்தான் ஓடும். அவர் வேலையை விட்டுப் போய், அவர் கணக்கும் மூடப்பட்டால் மெயில் நின்றுவிடும், பல மாதம் யாருக்கும் தெரியாது. ஷீட்டும் அவர் பெயரில் இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. ஷேர்டு டிரைவ் வசதி உள்ள வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் அலுவலகக் கணக்கு) இருந்தால் ஷீட்டை அதில் வையுங்கள்; அங்கே கோப்பு தனிநபருக்கு அல்ல, நிறுவனத்துக்குச் சொந்தம்.

பல டீம்களின் ஷீட்டை ஒரே பக்கத்தில் சேர்க்க இம்போர்ட்ரேஞ்ச் இருக்கிறது. முதல் தடவை ஒவ்வொன்றுக்கும் அனுமதி கொடுக்க வேண்டும். யாராவது தங்கள் ஷீட்டின் நடுவில் ஒரு காலம் சேர்த்தால் தலைமைப் பக்கத்தில் தவறான எண் வந்து உட்காரும், பிழை என்றுகூடச் சொல்லாது. நாலைந்து டீம் வரை ஒருவர் கண்வைத்துச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால், ஒரு டீமின் முடிவு இன்னொரு டீமின் நோக்கத்தைத் தாங்கும் இணைப்புகளை ஷீட்ஸில் பராமரிப்பதே முழுநேர வேலையாகிவிடும். அந்த நிலையில் மென்பொருளுக்குப் போவது நியாயம். டெமோவில் டாஷ்போர்டைப் பார்ப்பதற்கு முன் இரண்டைக் கேளுங்கள்: தொடக்க அளவு இல்லாமல் ஒரு முக்கிய முடிவைச் சேர்க்க அது விடுகிறதா? வாரவாரியான எண்களை, கடைசி மதிப்பை மட்டுமல்ல, சிஎஸ்வி கோப்பாக இறக்கிக் காட்ட முடியுமா? இரண்டாவதை அந்த டெமோவிலேயே செய்துகாட்டச் சொல்லி, கோப்பைத் திறந்து 13 வாரமும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.