ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை என்று கடையில் விட்டேன், திரும்பி வந்தது வேறு டிஸ்க்

யாழ்ப்பாணம் டவுனில் கொம்பியூட்டர் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடமாட்டேன், இன்பொக்ஸில் கேட்டாலும் சொல்லமாட்டேன். முதல் பிழை என்னுடையதுதான், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கலியாண வீட்டு வீடியோ எடிட் பண்ணுவது என் தொழில். பழைய மெஷின் ஃபோர்கே கோப்புகளை இழுக்க முடியாமல் திணறியதால், சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் போன மாதம் நானே ஒன்று பூட்டினேன். விண்டோஸுக்குப் புது என்விஎம்இ (மதர்போர்ட்டிலேயே சொருகும் சின்ன எஸ்எஸ்டி) ஒன்று, லாப்டொப்பில் இருந்து கழற்றிய பழைய 256 ஜீபி என்விஎம்இ இன்னொன்று, கோப்புகளைப் போட்டுவைக்க 4 டீபி ஹார்ட் டிஸ்க். டிஸ்க் மட்டும் 38,500 ரூபா. பூட்டும்போது லண்டனில் இருக்கும் அண்ணாவுக்கு ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன், சும்மா ஒரு பெருமைக்கு.

விண்டோஸ் ஏறியது, ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. புது டிஸ்க் உடனே திஸ் பீசியில் வராது, டிஸ்க் மனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் பண்ணி, ஜீபீடீ என்ற முறையைத் தெரிவு செய்து (பழைய எம்பீஆர் முறை என்றால் 2 டீபிக்கு மேற்பட்ட இடம் வீண்) பார்ட்டிஷன் போடவேண்டும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் அங்கேயும் இல்லை, விண்டோஸுக்கு முன்னாலே எழும்பும் பயோஸிலும் இல்லை. பயோஸில் இல்லாததை விண்டோஸில் தேடி என்ன பயன்? டிஸ்க்கில் கை வைத்துப் பார்த்தேன், சுழலும் அதிர்வு இருந்தது, அப்படியென்றால் கரண்ட் போகிறது. டேட்டா கேபிளை மாற்றினேன். மதர்போர்ட்டில் அந்தக் கேபிள் சொருகும் இடத்தை, 5ஆம் சாட்டா போர்ட்டில் இருந்து 6ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன். மற்றப் போர்ட்டுகள் கிராபிக்ஸ் கார்ட்டுக்குக் கீழே மறைந்து கிடந்தன, அதைக் கழற்றப் பஞ்சி. அந்தப் பஞ்சிக்கு விலை 8,500 ரூபா என்று அப்போது தெரியாது.

டிஸ்க் வாங்கிய கடைக்கே முழு மெஷினையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கவுண்டரில் நின்ற பெடியன் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "அண்ணை, டிஸ்க் நல்லம், போர்ட்டுகள்தான் அடிபட்டுப் போச்சு, மதர்போர்ட்டிலை சிப் மாத்தோணும், சிப் கொழும்பிலை இருந்துதான் எடுக்கோணும்" என்றான். இரவு பஸ்ஸில் வருமாம், மூன்று நாள் ஆகுமாம். விட்டுவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் 8,500 ரூபா வாங்கினார்கள், பில் இல்லை. மெஷினைப் போட்டுக் காட்டினார்கள், 4 டீபியும் தெரிந்தது. நானும் சந்தோஷமாக வீட்டுக்குக் கொண்டுவந்து மானிப்பாய்க் கலியாணம் ஒன்றை முழுதாக ஏற்றிவிட்டேன்.

அன்று இரவு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவைத் திறந்தேன். இலவச மென்பொருள், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் கணக்கை அப்படியே காட்டும். நீலமாக இருக்கவேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. ஓடிய மணித்தியாலம் 19,412. வருஷத்துக்கு 8,760 மணித்தியாலம்தான், ஆக இரண்டு வருஷத்துக்கு மேல் நிற்காமல் ஓடிய டிஸ்க் அது. அதைவிட வேடிக்கை, ஓன் பண்ணிய தடவை வெறும் 61. வீட்டுக் கொம்பியூட்டர் என்றால் அது எங்கேயோ போயிருக்கும். இப்படி இரவு பகலாக ஓடுவது பெரும்பாலும் சீசீடீவி ரெக்கோடர் மாதிரி இடத்தில்தான். மூடியைத் திறந்து டிஸ்க்கை இழுத்துப் பார்த்தேன், நான் வாங்கியது நீல ஸ்டிக்கர், உள்ளே இருந்தது ஊதா ஸ்டிக்கர். ஸ்டிக்கர் உட்பக்கம் திரும்பியிருந்ததால் கடையில் கண்ணில் படவில்லை. பெட்டியை எறியாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று, பெட்டியில் ஒரு சீரியல் நம்பர், டிஸ்க்கில் வேறொன்று.

அடுத்த நாளே ஓடிப்போய்ச் சண்டை பிடிக்கவில்லை. வாடிக்கையாளர் வீட்டு வீடியோ அதில் இருக்கிறது, குயிக் ஃபோர்மட் அதை உண்மையில் அழிக்காது, அதனால் முழு ஃபோர்மட் போட்டேன், 4 டீபி என்றபடியால் ஏழெட்டு மணித்தியாலம் எடுத்தது. அப்புறம்தான் போனேன்.

"அண்ணை, உது ஃப்ரீ சொஃப்ட்வெயார்தானே, பிழையாக் காட்டும்." அதுதான் முதல் பதில். ஸ்டிக்கர் நிறத்தைக் காட்டினேன். "பில்லிலை சீரியல் நம்பர் இல்லையே, நீங்கள் தந்தது உதுதான்." பில்லை எடுத்துப் பார்த்தேன், உண்மைதான், "ஹார்ட் டிஸ்க் 4 டீபி, 1" என்பதோடு சரி. அங்கே நின்றபடியே அண்ணாவுக்கு அனுப்பிய படத்தைத் தேடி எடுத்தேன். நீல ஸ்டிக்கர், சீரியல் நம்பர், என் கட்டில் விரிப்பு, திகதி எல்லாம் அதில் இருந்தன. பாவனையாளர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு இப்பவே அடிக்கட்டோ என்று கேட்டதும் உள்ளே இருந்து பெரியவர் எழும்பி வந்தார். பெடியன் மாறிப் போட்டிட்டானாம். மாறியிருக்கலாம், நான் இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் மாறிப்போனது எப்பவும் வாடிக்கையாளர் பக்கம் பழசாகவே வருவது என்ன கணக்கோ தெரியவில்லை. சீல் உடைக்காத புது டிஸ்க் தந்தார்கள், சீரியல் நம்பரைப் பில்லில் எழுதி முத்திரை குத்தும்வரை நான் நகரவில்லை. அங்கேயே பூட்டி மணித்தியாலமும் பார்த்தேன், 0.

(பூச்சியம் காட்டினாலும் முழுதாக நம்பமுடியாது. 2025 தொடக்கத்தில் ஜேர்மனியில் புதிது என்று விற்ற சீகேட் டிஸ்க்குகளில் ஸ்மார்ட் கணக்கைப் பூச்சியமாக்கியிருந்தார்கள், ஃபார்ம் என்ற இன்னொரு பதிவுதான் அவை பல ஆயிரம் மணித்தியாலம் ஓடியவை என்று காட்டிக்கொடுத்தது. சீரியல் நம்பரைக் கம்பனியின் தளத்தில் போட்டு வொரன்டி எப்போதுவரை என்றும் பாருங்கள்.)

சரி, அந்தக் கொழும்புச் சிப்? வீட்டுக்கு வந்து கிராபிக்ஸ் கார்ட்டைக் கழற்றினேன். ஈயம் வைத்த அடையாளம் எங்கேயும் இல்லை. டேட்டா கேபிளை 1ஆம் போர்ட்டில் சொருகியிருந்தார்கள், செய்த வேலை அவ்வளவுதான். பிறகு மதர்போர்ட் புத்தகத்தைப் பிரித்தால், சாட்டா பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது: இரண்டாவது எம்.2 இடத்தில் (நான் பழைய என்விஎம்இயைச் சொருகிய இடம்) ஏதாவது பூட்டினால் சாட்டா 5, 6 வேலை செய்யாது. இரண்டுக்கும் போகும் பாதை ஒன்றுதான், ஒன்றுக்குக் கொடுத்தால் மற்றது நின்றுவிடும். இந்த வழக்கம் நிறைய மதர்போர்ட்டுகளில் இருக்கிறது, எந்தச் சாட்டா போர்ட் நிற்கும் என்பதுதான் மதர்போர்ட்டுக்கு மதர்போர்ட் வேறு. பழைய என்விஎம்இயைக் கழற்றினேன், 5இல் டிஸ்க் வந்தது. திரும்பப் பூட்டினேன், மறைந்தது. இதைப் போனில் சொன்னபோது பெடியன் சொன்னது: "அப்ப சிப் பேந்தும் அடிபட்டிருக்கும் அண்ணை, கொண்டு வாங்கோ பாப்பம்."

8,500 ரூபா வரவில்லை, பில் இல்லாத காசு வராது. அந்த ஊதா ஸ்டிக்கர் டிஸ்க்கும் அந்தக் கடையில்தான் எங்கேயோ இருக்கும். டவுனில் இந்த மாதம் 4 டீபி வாங்குகிறவர்கள் மணித்தியாலத்தைப் பாருங்கள், 19,400க்குக் கொஞ்சம் மேலே காட்டினால் அது நான் திருப்பிக் கொடுத்ததுதான்.