எம்ஜிஏ 1500: வெள்ளை, சிவப்பு லென்ஸ்களா, ஆம்பரா?

1957-இல் இங்கிலாந்தின் ஏபிங்டன் தொழிற்சாலையில் உருவான எம்ஜிஏ 1500 என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியதும் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது இதுதான்: முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்புமாக இருந்த இண்டிகேட்டர் லென்ஸ்களை அப்படியே விடுவதா, இன்றைய சாலைக்கு ஏற்ப ஆம்பருக்கு (ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு) மாறுவதா? அசல் நிறங்களையே வைத்துக்கொண்டேன்.

சட்டம் இதில் குறுக்கிடவில்லை. பிரிட்டனில் 1965 செப்டம்பர் 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளுக்கு இரு வகையும் செல்லும். தோற்றத்தில் எது பொருத்தம் என்பதும் ரசனையைப் பொறுத்தது.

முடிவைத் தீர்மானித்தது லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் வயரிங். முன்பக்கச் சிறு விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: சிறியது பார்க்கிங் விளக்குக்கு, 21 வாட் இழை இண்டிகேட்டருக்கு. அதன்மேல் ஆம்பர் லென்ஸைப் பொருத்தினால், வெள்ளையாக எரிய வேண்டிய பார்க்கிங் விளக்கும் இரவில் ஆம்பராகிவிடும். பின்னால் ஒரே 21 வாட் இழைதான் சிவப்பாக எரிய வேண்டிய பிரேக் விளக்காகவும் இண்டிகேட்டராகவும் வேலை செய்கிறது என்பதால், அங்கே லென்ஸை மாற்றவே வழியில்லை. தனி விளக்கு வைத்துப் புதிய வயர் இழுக்க வேண்டும். 1959-இல் வந்த எம்ஜிஏ 1600-இல் பின்னால் தனி இண்டிகேட்டர் விளக்கு வைத்தே இதைத் தீர்த்தார்கள்.

அசலை வைத்துக்கொள்பவர் டிபி10 என்ற லூகாஸ் நிறுவன ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பெட்டியைப் பராமரிக்கத் தயாராக இருக்க வேண்டும். திரும்பும் பக்கத்து பிரேக் இழையைப் பிரித்து மினுக்க வைப்பது அதுதான்; மற்ற நேரங்களில் பிரேக் மின்சாரமும் அதன் தொடுமுனைகள் வழியாகவே செல்கிறது. ஒருமுறை இடது இண்டிகேட்டர் ஒழுங்காக மினுக்கியும், அந்தப் பக்கத்து பிரேக் விளக்கு மட்டும் எரியவில்லை. பல்பும் எர்த்தும் சரியாகவே இருந்தன. மூடியைக் கழற்றிப் பார்த்தால் தொடுமுனைகள் கருத்திருந்தன. கிளீனரில் நனைத்த காகிதக் கீற்றை அவற்றுக்கிடையே நான்கைந்து முறை இழுத்ததும் விளக்கு எரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வசந்தத்தின் தொடக்கத்திலும் இதைச் செய்கிறேன். பத்து நிமிட வேலை, துளை போட வேண்டாம், அசல் வயரிங்கும் வெட்டுப்படாது.

ஆம்பரின் பலத்தை நான் மறுக்கவில்லை. மழை பெய்யும் மாலையில் பிரேக் பிடித்தபடி திரும்பும்போது, ஒரு சிவப்பு நிலையாகவும் மற்றொன்று மினுக்கியும் எரிவதைப் பின்னால் வருபவர் புரிந்துகொள்ளச் சற்று நேரமாகிறது. அதனால் வலப்பக்கம் திரும்பும்போது கையையும் வெளியே நீட்டிவிடுகிறேன். முன்பக்கச் சிறு விளக்குக்கு வெள்ளையாகவும் ஆம்பராகவும் எரியும் எல்இடி பல்புகள் கிடைக்கின்றன. நண்பர் ஒருவரின் காரில் ஒரே ஒரு மாலை பார்த்த அளவில் அவை தெளிவாகவே தெரிந்தன. ஆனால் குறைந்த மின்சாரத்தில் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய வெப்பக்கம்பி ஃபிளாஷர் சரியாக இயங்காது என்பதால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

இவை எல்லாம் 1500-க்கு மட்டும். இதற்கு அடுத்து வந்த எம்ஜிபி காரின் பின்விளக்கில் இண்டிகேட்டருக்குத் தனி பல்பு இருப்பதால், முழுச் சிவப்பு லென்ஸோடு அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டிக்கு லென்ஸை மாற்றினாலே போதும்; அங்கே நான் ஆம்பரையே தேர்ந்தெடுப்பேன்.