இன்சுலின் ரெசிஸ்டன்ஸ் பேக்கேஜ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

ஐம்பது, அறுபது வயதுப் பெண்களைக் குறிவைத்துப் பல லேப்களில் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ், அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை, இருக்கிறதா என்று பார்க்கும் பேக்கேஜ் விற்கிறது. வெறும் வயிற்றுக் குளுக்கோஸ், வெறும் வயிற்று இன்சுலின், இரண்டையும் வைத்து அந்த நிலையைக் கணிக்கும் ஹோமா-ஐஆர் என்ற எண், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, கொழுப்பு, தைராய்டு, ஈரல், சிறுநீரகம் என்று பட்டியல் நீளும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். 5க்கு 3 மதிப்பெண் கொடுக்கலாம். கழித்த இரண்டும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் ஹோமா-ஐஆருக்காக. பேக்கேஜிலேயே நம்பிக்கை குறைந்த எண் அதுதான்.

கணக்கு எளிது: குளுக்கோஸை இன்சுலினால் பெருக்கி 405ஆல் வகுக்க வேண்டும். குளுக்கோஸ் 102, இன்சுலின் 16 என்றால் 4.03. அதே ரத்தத்தில் வேறொரு லேப் மெஷின் இன்சுலினை 12 என்று காட்டினால் 3.02. இன்சுலினை அளக்க எல்லா மெஷினுக்கும் பொதுவான அளவுகோல் இன்னும் இல்லை என்பதால் இப்படி நடக்கும். 1985இல் வந்த இந்தச் சூத்திரம் ஆய்வுகளில் பெருங்கூட்டங்களை ஒப்பிட நன்றாக உதவுகிறது. ஒரு பாட்டியின் ரிப்போர்ட்டில் 2.5க்கு மேல் என்று சிவப்பில் அச்சடித்துப் பயமுறுத்த அது போதாது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு இந்த எண்ணால் பயனே இல்லை.

வீட்டில் ரத்தம் எடுக்கும் வசதிதான் எண்ணைக் கெடுக்கவும் செய்கிறது. பிரித்தெடுக்காமல் வைத்த ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். அதனால் சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூப் வேண்டும். அதுவும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுதாகத் தடுக்காது. நரம்பு கிடைக்காமல் இழுத்து இழுத்து எடுத்தால் சிவப்பணு உடைந்து, அதிலுள்ள நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும்; ரிப்போர்ட்டில் எண் பொய்யாகக் குறையும். முடி உதிர்வுக்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில மெஷின்களில் இன்சுலினைக் குறைத்துக் காட்டும், தைராய்டு ரிசல்ட்டையும் குழப்பும். லேப் பையனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது இது. அவராகக் கேட்பது அபூர்வம்.

ஹெச்பிஏ1சி உருப்படியான சோதனை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை நோய். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் இது ஏறித் தெரியும். ஹீமோகுளோபினைப் பார்க்காமல் இதை மட்டும் படிப்பது வீண்.

பேக்கேஜில் இல்லாதவைதான் எனக்குக் குறை. முதலாவது, இன்ச் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் எண்ணே தவறு. கொசுவத்தை எடுத்து, பாவாடை நாடாவைத் தளர்த்தி, தோலின் மேல் வைக்க வேண்டும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. அதோடு ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பு எனும் ஹெச்டிஎல் 50க்குக் கீழ், பிபி 130/85ஐ எட்டியது என்று சேர்ந்தால் இன்சுலின் அளக்காமலே விஷயம் புரிந்துவிடும். இரண்டாவது, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனை. வெறும் வயிற்றில் சரியாக இருந்தும் இதில் 140ஐத் தாண்டுகிற மூத்த பெண்கள் நிறைய. வீட்டில் காத்திருந்து எடுக்க ஆள் வரமாட்டார் என்பதால்தான் இதை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, கொழுப்பு இடுப்பிலிருந்து வயிற்றுக்குள் நகர்கிறது. இதயம், ஈரல், சிறுநீரகம் மூன்றுக்கும் பின்னால் வரும் தொல்லை அங்கிருந்துதான். ஈரல் எண்களைத் தனித்தனியாகத் தருகிறார்கள். அவற்றோடு பிளேட்லெட், வயது சேர்த்து ஃபிப்-4 என்ற எண்ணைக் கணக்குப் போட்டுத் தந்தால் ஈரல் தழும்பேறியிருக்க வாய்ப்புண்டா என்று முதல்கட்டமாகத் தெரியும். 65க்கு மேல் அதற்கு எல்லை 1.3 அல்ல, 2. கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு உண்டா என்று படிவத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படிப் போக்கு இருந்தால் கர்ப்பப்பையைச் சோதிக்க வேண்டும், லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது.

இலவசமாக வரும் டயட் சார்ட் எல்லாருக்கும் ஒன்றே. சோறைக் குறை என்கிறது. பருப்பு, முட்டை, சுண்டலைக் கூட்டச் சொல்லவில்லை. அறுபதுக்கு மேல் வெறுமனே எடை குறைந்தால் தசையும் சேர்ந்து போகும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதே தசைதான். வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். உணவும் நடையும் வேலை செய்யும் என்பதில் சந்தேகமில்லை: 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் அவை மட்டுமே நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 26.4 சதவீதம்.

புக் செய்யும்போது இன்சுலின் இல்லாத பேக்கேஜ் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். மிச்சமாகும் பணத்தில் சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் சிறுநீர் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதச் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சர்க்கரை மாத்திரை போடுபவர் காலை மாத்திரையை ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டோடு போட வேண்டும். பிபி மாத்திரையை நிறுத்தவே வேண்டாம்.