சுரண்டல் சீட்டும் கால்பந்தும்: ஈஏ, கோனாமி, ஒரு பழைய டிஸ்க்

பொங்கல் காசு, பிறந்தநாள் காசு, சித்திரைத் திருவிழாவுக்குத் தாத்தா கொடுத்த காசு எல்லாம் சேர்ந்து அக்கா மகன் கையில் ஒரு பழைய பிஎஸ்4, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பிளேஸ்டேஷன் பெட்டி ஆகிவிட்டது. பசுமலையில் ஒரு பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது விற்றது. இரண்டு கன்ட்ரோலர். அதில் ஒன்று, நாம் தொடாமலே ஆளை இடது பக்கம் ஓடவிடும். வாங்கியது போக 2,000 ரூபாய் சொச்சம் மிச்சம் இருந்தது. "மாமா, ஃபுட்பால் கேம் ஒண்ணு வாங்கணும், எது நல்லாருக்கும்?" என்று கேட்டான். நான் அரைமணி நேரம் பதில் சொன்னேன். பாதி நேரம் அவன் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவனுக்கு மூன்று வழி இருந்தது. ஒன்று, ஈஏ என்ற எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி வருடா வருடம் விடும் கால்பந்து ஆட்டம், இந்த வருடத்து ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. அவனிடம் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காசு வேண்டும், அக்காதான் மனசு வைக்க வேண்டும். இரண்டு, கோனாமி என்ற ஜப்பான் கம்பெனியின் ஈஃபுட்பால். காசே வேண்டாம். மூன்று, டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடைக் கண்ணாடிக்குள் கிடக்கும் ஃபிஃபா 23, ஈஏவின் பழைய ஆட்டம், யாரோ ஆடி முடித்த டிஸ்க்.

ஆடுவதற்கு எது நன்றாக இருக்கும் என்று மட்டும் கேட்டால் ஈஏ ஆட்டம்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிளப் பெயர், ஜெர்சி, மைதானம், ஆட்களின் முகம் எல்லாம் நிஜமாக இருக்கும். ஆனால் நான் பார்த்தது வேறு. ஆட்டத்தை விற்றவன் நாளைக்கு மனசு மாறினால் பையன் கையில் என்ன மிஞ்சும்?

ஈஏ மேல் ஏன் இவ்வளவு கசப்பு

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 1982-ல் தொடங்கிய கம்பெனி. அமெரிக்காவில் கன்ஸ்யூமரிஸ்ட் என்ற நுகர்வோர் தளம் 'நாட்டிலேயே மோசமான கம்பெனி எது' என்று வாக்கெடுப்பு நடத்தியபோது, 2012, 2013 இரண்டு வருடமும் ஈஏதான் அந்தப் பட்டத்தை வாங்கியது. இரண்டு தடவையும் இறுதிச் சுற்றில் எதிரே நின்றது பேங்க் ஆஃப் அமெரிக்கா. வீட்டுக்கடன் கொடுத்த வங்கியை விட விளையாட்டுக் கம்பெனி கெட்டதா என்று கேட்டால் எனக்கே சிரிப்புதான் வருகிறது. வாக்களித்தவர்கள் கோபத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் உண்டு. 2013 மார்ச்சில் வந்த சிம்சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து நகரம் கட்டும் ஆட்டம். அதற்கும் இன்டர்நெட் கட்டாயம் என்றார்கள். வெளியான வாரமே சர்வர் படுத்துவிட்டது. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடவைப்பது லேசான வேலை இல்லை என்று விளக்கம் வந்தது. சரியாக ஒரு வருடத்தில் அதே ஆட்டம் இன்டர்நெட் இல்லாமல் ஓடியது.

2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2. அதுவும் ஈஏ ஆட்டம். முழு விலை கொடுத்து வாங்கியவனும் டார்த் வேடராக, அந்தப் படத்து வில்லனாக ஆட வேண்டுமென்றால், ஆடி ஆடி 60,000 கிரெடிட் சேர்க்க வேண்டும். கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஆகும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இதையே காசு போட்டுத் திறக்கும் பெட்டிகள் வழியாகச் சுருக்கிக்கொள்ளவும் வழி வைத்திருந்தார்கள். பாடுபட்டுத் திறந்தால்தான் பெருமை என்ற மாதிரி ரெடிட் என்ற இணைய அரட்டைத் தளத்தில் கம்பெனி சொன்ன பதிலுக்கு ஆறரை லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்கு விழுந்து, கின்னஸ் புத்தகம் வரை போனது. முதலில் விலையைக் கால்வாசியாக்கினார்கள். பிறகு ஆட்டம் வெளியாவதற்கு முந்தின இரவு காசு வாங்கும் ஏற்பாட்டையே நிறுத்திவைத்தார்கள்.

இவையெல்லாம் பழைய கதை என்று பையன் சொல்லலாம். அவன் பிஎஸ்4-க்குள் வரப்போவது அல்டிமேட் டீம். அதைப் பற்றித்தான் அவனிடம் அதிக நேரம் பேசினேன்.

2009-ல் ஃபிஃபாவுக்குள் வந்தது இது. நம் அணியை நாமே சேர்க்க வேண்டும். ஆட்கள் பேக்கில் வருவார்கள். பேக்கை ஆடிச் சேர்த்த காயினிலும் வாங்கலாம், நிஜக் காசிலும் வாங்கலாம். உள்ளே யார் என்பது திறந்தால்தான் தெரியும். இதைப் பையனுக்கு விளக்கும்போது எனக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்டு ஞாபகம்தான் வந்தது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வருவதற்கு முன்னால் அங்கே கடை வரிசை முழுக்கச் சீட்டு தொங்கும். எங்கள் சித்தப்பா சுரண்டல் லாட்டரிக்காரர். பஸ்ஸுக்கு வைத்திருந்த சில்லறையில் சீட்டு வாங்கி, மிச்சமிருக்கும் நாணயத்தாலேயே சுரண்டிப் பார்த்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வருவார். பேக்கிலும் அதே சுரண்டல்தான். வெள்ளிப் பூச்சுக்குப் பதில் வெளிச்சமும் புகையும், பெரிய ஆள் விழுந்தால் அவர் நடந்து வரும் காட்சியும். ஒரு வித்தியாசம், லாட்டரியில் விழுந்தால் காசு கைக்கு வரும். பேக்கில் விழுந்த ஆளை அடுத்த வருடத்து ஆட்டத்துக்கு எடுத்துப் போக முடியாது. ஒவ்வொரு செப்டம்பரும் முதலிலிருந்து.

பெல்ஜியத்தில் சூதாட்ட ஆணையம் 2018-ல் இந்த மாதிரி காசு போட்டுத் திறக்கும் பேக்குகளைச் சூதாட்டம் என்றது. 2019 ஜனவரியில் அந்த நாட்டில் மட்டும், பேக் வாங்க நிஜக் காசுக்குக் கொடுக்கும் ஃபிஃபா பாயின்ட்டை விற்பதை ஈஏ நிறுத்தியது. நெதர்லாந்தில் ஒரு கோடி யூரோ அபராதம் வரை போய், 2022 மார்ச்சில் மேல்முறையீட்டில் கம்பெனிதான் ஜெயித்தது. ஆக, சட்டப்படி இது என்ன என்று ஊருக்கு ஊர் பதில் மாறுகிறது. கம்பெனிக்கு இது என்ன என்பதில் குழப்பமே இல்லை. 2021 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் எல்லா விளையாட்டுகளின் அல்டிமேட் டீமும் சேர்ந்து 162 கோடி டாலர், மொத்த வருமானத்தில் கால் பங்குக்கும் மேல். அப்படிக் கொட்டும் இடத்தை விட்டுவிட்டு, தனியாக ஆடும் கேரியர் மோடுக்கு யார் மெனக்கெடுவார்கள்? வருடா வருடம் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று ஆட்டக்காரர்கள் புலம்புவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

விலை விஷயம் ஒன்றும் உண்டு. ஃபிஃபா 22 வந்தது 2021 அக்டோபர் தொடக்கத்தில். 2022 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்டியவர்களுக்குத் தனிக் காசில்லாமல் கொடுத்தார்கள். எஃப்சி 24-ம் அப்படியே, 2023 செப்டம்பரில் வந்து 2024 மே மாதம் சந்தாவுக்குள் போனது. முதல் வாரம் முழுக் காசு கொடுத்தவன் ஏழெட்டு மாதத்தில் ஏமாளி ஆகிவிடுகிறான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதே ஈஏ வெளியிட்ட இட் டேக்ஸ் டூவில் ஒருவர் வாங்கினால் கூட ஆடுபவர் ஆன்லைனில் சும்மாவே ஆடலாம். 2021-ல் தி கேம் அவார்ட்ஸில் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டம் என்ற பரிசு அதற்குத்தான். ஆட்டம் செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான். அந்தக் கல்லாவும் கை மாறுகிறது. 2025 செப்டம்பரில் சவூதியின் பொது முதலீட்டு நிதி, சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்று மூன்று முதலீட்டுக்காரர்கள் சேர்ந்து 5,500 கோடி டாலருக்கு ஈஏவை வாங்குவதாக அறிவித்தார்கள். அதில் 2,000 கோடி கடன். வட்டி கட்ட வேண்டியவன் பேக் விலையைக் குறைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

கோனாமி

கோனாமி யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. பிஇஎஸ் என்ற நல்ல கால்பந்து ஆட்டத்தை வைத்திருந்தவர்கள், 2021 செப்டம்பர் 30 அன்று அதை ஈஃபுட்பால் என்று மாற்றி இலவசமாக இறக்கினார்கள். உள்ளே ஒன்பதே அணி. மெஸ்ஸி முகமும் ரொனால்டோ முகமும் உருகின மெழுகு மாதிரி இருந்ததைப் பார்த்து உலகமே சிரித்தது. மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஏப்ரல் வரை ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இதே கோனாமிதான் பி.டி. என்ற பேய் ஆட்டத்தின் டெமோவை 2014-ல் சும்மா கொடுத்து, 2015-ல் கடையிலிருந்து எடுத்தது. ஏற்கெனவே இறக்கியவர்கள் அழித்துவிட்டால் மறுபடி இறக்கவும் வழியில்லாமல் போனது.

ஆனால் ஒரு இடத்தில் இவர்கள் நேர்மை எனக்குப் பிடித்தது. 2020-ல் புது ஆட்டம் செய்ய நேரமில்லை என்று, பழைய ஆட்டத்திலேயே அணிகளை மட்டும் மாற்றி, 'சீசன் அப்டேட்' என்று பெயரையும் வெளிப்படையாக வைத்து, வழக்கத்தில் பாதி விலைக்கு விற்றார்கள். ஈஏவும் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு வருடக்கணக்காக 'லெகசி எடிஷன்' என்று ஜெர்சி மாற்றி விற்றதுதான். விலையில் அந்தப் பணிவு தெரியவில்லை.

இன்றைய ஈஃபுட்பாலிலும் குலுக்கலில் ஆள் எடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. எடுத்த ஆள் அடுத்த வருடமும் அணியில் இருப்பான் என்பது ஆறுதல். போனிலேயே ஓடும். பையன் ஏற்கெனவே அக்கா போனில் ஆடிக்கொண்டிருப்பதும் இதைத்தான். அதை ஆட இவ்வளவு காசு போட்டு ஒரு பெட்டி வாங்கியிருக்க வேண்டாம்.

பழைய டிஸ்க்

ஈஏவும், ஃபிஃபா என்ற உலகக் கால்பந்து அமைப்பும் பிரிந்ததால் ஃபிஃபா என்ற பெயரில் ஈஏ செய்த கடைசி ஆட்டம் ஃபிஃபா 23. எஃப்சி 24 வந்த 2023 செப்டம்பரில் பழைய ஃபிஃபாக்களை ஆன்லைன் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று அது வேண்டுமென்றால் டிஸ்க்தான். இன்டர்நெட் இல்லாமலே கேரியர் மோடு ஓடும், இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம். ஆடி அலுத்தால் அதே கடையில் கொடுத்து வேறு வாங்கலாம். டவுன்லோடு செய்த ஆட்டத்தில் இந்தக் கடைசி வசதி கிடையாது.

நானே ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். கல்லூரி மெயில் ஐடியில் கணக்குத் திறந்து கார் ரேஸ் ஆட்டம் ஒன்று வாங்கினேன். படிப்பு முடிந்ததும் கல்லூரி மெயிலை மூடிவிட்டது. ஆட்டத்தை விற்றவர்களுக்கு ரசீதெல்லாம் அனுப்பினேன். "உங்கள் பழைய மெயிலுக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம்" என்று நாலு தடவை ஒரே பதில் வந்தது. அந்தக் கம்பெனி பெயர் இப்போது எதற்கு.

டிஸ்க் இருந்தாலே போதும் என்று நினைப்பதும் தப்பு. யூபிசாஃப்ட் கம்பெனியின் தி க்ரூ என்ற கார் ரேஸ், டிஸ்க்காகவும் விற்ற ஆட்டம்தான். முழுக்க சர்வரை நம்பிய ஆட்டம் என்பதால் 2024 மார்ச் 31-ல் சர்வரை நிறுத்தியதும் டிஸ்க் வெறும் தட்டாகிவிட்டது. அந்தக் கோபத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்துக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. அதனால் அட்டையில் 'இன்டர்நெட் கட்டாயம்' என்று இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய டிஸ்க் வாங்கக் கூடாது என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

குறை இல்லாமல் இல்லை. ஃபிஃபா 23 டிஸ்க்கை அப்படியே போட்டால் மெஸ்ஸி இன்னும் பாரிஸில் இருப்பார், ரொனால்டோ மான்செஸ்டரில். பையன் முகம் சுருங்கியது. "பசங்க சிரிப்பாங்க மாமா." சிரிக்கட்டும்டா என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணன் டிஸ்க்கை ட்யூப்லைட்டுக்கு நேரே சாய்த்துக் கீறல் காட்டினார், மேலாக இரண்டு மட்டும். அவர் சொன்ன விலையில் 150 ரூபாய் குறைத்தோம். வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியைப் பையன் திறந்தபோது மபாபே படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. அல்டிமேட் டீம் பேக்குக்கான கோட் எண். யாரோ முன்னமே பயன்படுத்தியது. ஆனாலும் பையன் அதை ஒரு தடவை அடித்துப் பார்த்தான்.